படம் ஓட மறுப்பது ஏன்?

கல்யாண வீடியோ கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர் தெரிகிறது. அளவும் தெரிகிறது. ஆனால் படம் ஓடுவதில்லை. "இந்த வகைப் படத்தை இயக்க முடியாது" என்று ஒரு வரி வருகிறது. சில சமயம் குரல் மட்டும் கேட்கிறது. திரை கறுப்பாகவே கிடக்கிறது.

படம் கெட்டுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். சிலர் அழித்தே விடுகிறார்கள்.

அவசரம் வேண்டாம்! பெரும்பாலும் படம் நன்றாகவே இருக்கும். அதைப் படிக்கத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

உறையும் கடிதமும்

நல்ல தெளிவான வீடியோவில் ஒரு வினாடிக்கு 30 படங்கள் ஓடுகின்றன. அவற்றை அப்படியே சேமித்தால் ஒரு நிமிடப் படம்கூட இரண்டு டி.வி.டி. தட்டுகளில் அடங்காது. ஆகவே படத்தைச் சுருக்குகிறார்கள். முதல் படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, பிறகு மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்.

சுருக்கும் முறைகள் பல. எச்.264 என்பது 2003-ல் வந்தது. எச்.இ.வி.சி. என்பது 2013-ல் வந்தது. 2017 முதல் பல ஐபோன்கள் இந்தப் புது முறையில் படம் பிடிக்கின்றன.

எம்.பி.4, எம்.கே.வி. என்பவை வெறும் உறைகள். உறைக்குள் இருக்கும் கடிதம் எந்தப் பாஷையிலும் இருக்கலாம். கோப்பின் பெயரை மாற்றிப் பயன் இல்லை. உறையின் மேல் எழுதியதை மாற்றினால் கடிதத்தின் பாஷை மாறுமா?

காசு கேட்கும் சாவி

இந்த முறைகளுக்குப் பல கம்பெனிகள் காப்புரிமை வைத்திருக்கின்றன. எச்.இ.வி.சி. படத்தைப் படிக்கும் இணைப்பை மைக்ரோசாப்ட் தன் கடையில் தனியே விலைக்கு விற்கிறது.

வீட்டுக்காரர் எடுத்த படம். வீட்டுக்காரர் வாங்கிய கம்ப்யூட்டர். பார்ப்பதற்கு மட்டும் இன்னொருவரிடம் சாவியா? இது நியாயம் அல்ல.

மாணவர்கள் செய்த உதவி

1996-ல் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கல்லூரி வலையமைப்பு வழியாக வீடியோ அனுப்புவதே நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் வி.எல்.சி. சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்புதான் அதன் சின்னம். 2001-ல் அது எல்லோருக்கும் சுதந்திரமாக வழங்கப்பட்டது. பற்பல முறைகளைப் படிக்கும் திறமையை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. காசு கிடையாது. விளம்பரம் கிடையாது.

இந்தியாவில் 2022-ல் அதன் இணையத்தளத்துக்குத் தடை இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது.

ஏமாற வேண்டாம்

"படம் பார்க்க இதை இறக்குங்கள்" என்று முன்பின் தெரியாத தளங்கள் அழைக்கும். போகக் கூடாது. 2005, 2006 ஆண்டுகளில் சிலோப் என்ற நச்சு நிரல் இப்படித்தான் வேஷம் போட்டுப் பல கம்ப்யூட்டர்களில் புகுந்தது. எதை இறக்கினாலும், அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும்.

வேறு முறைக்கு மாற்ற வேண்டுமானால் ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மாற்றிய பிறகும் அசல் படத்தை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் தெளிவு கொஞ்சம் குறையும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது

கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் முதலிய கம்பெனிகள் சேர்ந்து 2018-ல் ஏ.வி.1 என்ற முறையை வெளியிட்டன. அதற்கு உரிமைக் கட்டணம் கேட்பதில்லை என்று அறிவித்தன. நல்ல காரியம். கேமராவும் செல்போனும் செய்கிறவர்கள் இந்த வழியில் வர வேண்டும்.

தாத்தாவின் முகமும் பாட்டியின் குரலும் குடும்பத்தின் சொத்து. பேரப்பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் அவர்கள் அதைப் பார்க்க முடிய வேண்டும். அதற்கு வழி செய்வது, படக்கருவி விற்பவர்களின் கடமை.