நிக்கிற பொருளுக்குக் கம்பி, நடக்கிற பொருளுக்குக் காத்து

பொங்கலுக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஊருக்கு வர்றவங்க இப்பல்லாம் மழை தண்ணியப் பத்தி அப்புறம்தான் விசாரிக்கிறாங்க. முதல்ல கேக்கிறது, "நெட் எப்படி? ஒரு வாரம் இருந்து லேப்டாப்புல வேலை பாக்கலாமா?" அடுத்த கேள்வி, "டாங்கிள் போதுமா, கம்பி இழுக்கணுமா?"

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடுறேன். நிக்கிற பொருளுக்குக் கம்பி, நடக்கிற பொருளுக்குக் காத்து. வீட்டு லேப்டாப் ஒரு மேசையில உக்காந்திருக்கிற பொருள். அதுக்குக் கம்பிதான் சரி.

காத்துல வர்ற நெட்டை நான் குறை சொல்லல. வயல்ல மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறவங்களுக்கு அதுக்குள்ள இருக்கிற சிம்தான் துணை. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா பாம்புக்கும் தேளுக்கும் பயந்து வரப்புல நடக்க வேண்டியதில்ல. அந்த இடத்துக்குக் கம்பி கொண்டுபோக முடியாது. ஆனா டவர் ஊருக்கே பொது. கோயில் திருவிழா, கல்யாணம்னு பத்துத் தெருவும் காரா நிறையுற அன்னைக்குப் பாருங்க. போன்ல நாலு கோடு காட்டும், படம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். சிக்னல் இருக்கிறது வேற, வேகம் இருக்கிறது வேற. ஒரே வாய்க்காத் தண்ணிய ஒரே நேரத்துல அத்தனை வயலுக்கும் திருப்பின மாதிரிதான் அது.

அடுத்தது நம்ம பக்கத்து வீடுங்க. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமா தடிச்ச சுவர். முகப்புல ரூட்டரை வச்சுட்டு, வளவு தாண்டி ரெண்டாம் கட்டுல உக்காந்தா வைஃபை தேஞ்சு போயிடும். 5 கிகாஹெர்ட்ஸ்ங்கிற வேகமான அலை சுவருக்கு இன்னும் சீக்கிரம் தோத்துப்போகும். 2.4 கொஞ்சம் தாங்கும். அதனால கம்பியை வாசலோட நிறுத்தாதீங்க. லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் நல்லா வேலை செய்யும். நடையோரமா ஒட்டிக் கொண்டுபோனா தேக்கு நிலையில ஓட்டை போட வேண்டாம். புது லேப்டாப்புல லேன் குத்துற ஓட்டை இல்லேன்னா, யூஎஸ்பியில மாட்டுற சின்ன அடாப்டர் கடையில கிடைக்குது.

கம்பின்னா பழைய லேண்ட்லைன் ஞாபகம் வரும். செம்புக் கம்பியில எக்சேஞ்சை விட்டுத் தூரம் போகப் போக வேகம் குறையும். இடி இடிச்சா மோடத்துக்கும் ஆபத்து. இப்ப வர்ற ஃபைபர் கண்ணாடி இழை. அதுல வெளிச்சம்தான் ஓடுது, மின்சாரம் இல்ல. ஆனா பிளக் வழியா இடி வரலாம், மழைக்கு முன்ன கழட்டிடுங்க. கரண்ட் போனா பெட்டியும் நின்னுடும், அதுக்கு ஒரு சின்ன பேட்டரி வச்சுக்கணும். மரம் விழுந்தோ ஜேசிபி தோண்டியோ கம்பி அறுந்தா ரெண்டு நாள் ஆகலாம். அன்னைக்கு போன் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும்.

இந்தக் கேள்வி நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. திருப்பத்தூர் தாண்டி மேலூர் வட்டாரத்துல 2001லேயே கிராமங்களுக்குக் காத்து வழியா நெட் கொண்டுவந்தாங்க. சென்னை ஐஐடியில உருவான கார்டெக்ட் தொழில்நுட்பம், என்-லாக் நிறுவனம். கிராமத்துல ஒரு மையம், கூரைல ஒரு ஆன்டெனா. வேகம் 35, 70 கிலோபிட். கம்பி இழுக்கிற செலவு கட்டாதுன்னுதான் காத்தைப் பிடிச்சாங்க. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனா சில வருஷத்துல பல மையங்கள் மூடிட்டாங்க. செலவுக்கேத்த வரும்படி இல்லேன்னா கம்பியோ காத்தோ எதுவும் நிக்காது.

இப்ப அதே கணக்குதான் நம்ம தெருவுல. மத்திய அரசு 2011ல அனுமதிச்ச ஃபைபர் திட்டத்துக்கு இப்ப பாரத்நெட்னு பேரு. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுபோகணும்ங்கிறதுதான் திட்டம். ஆனா ஊராட்சி ஆபீஸ் வாசல் வேற, உங்க வீட்டு வாசல் வேற. நடுவுல இருக்கிற தூரத்தை யாராவது இழுக்கணும். நம்ம ஊர்ல தெருவுக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கு. கேபிள்காரர் பத்துப் பூட்டின வீட்டைத் தாண்டி ஒரு வீட்டுக்குக் கம்பி இழுத்தா அவருக்கு என்ன மிஞ்சும்?

ஆளாளுக்கு டாங்கிளோட வந்து நாலு நாள் ஒப்பேத்திட்டுப் போனா தெருவுக்குக் கம்பி வராது. நாலு பங்காளி சேர்ந்து பேசி, நாலு வீட்டுக்கு இணைப்பு எடுத்தீங்கன்னா வரும். நீங்க இல்லாத மாசம் வீட்டைப் பாத்துக்கிறவங்க பிள்ளை திண்ணையில உக்காந்து படிக்கும். இங்கேயே இருந்து கம்ப்யூட்டர் வேலை பாக்க நினைக்கிற பையன், காரைக்குடியிலயோ சென்னையிலயோ வாடகைக்கு அறை தேட வேண்டாம்.

டாங்கிள் உங்களோடயே திரும்பப் போயிடும். கம்பி ஊர்லயே இருக்கும். அடுத்த தடவை வரும்போது தெருக்காரங்களோட உக்காந்து இதைப் பேசுங்க.