செவிக்கும் திசை உண்டு

இசைத்தமிழ் வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர், அம்முழக்கத்தையே இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளின் வாயிலாகத்தான் மக்கள் செவியில் கொட்டுகின்றனர். கிள்ளானிலாயினும் பிரிக்பீல்ட்சிலாயினும் தமிழர் விழாக்களில் பெரும்பாலும் இதுவே காட்சி. நாதசுரம் இடப்புறம் இருக்கும். தவில் வலப்புறம் இருக்கும். ஆனால் ஒலி மட்டும் அவ்விரு கரும்பெட்டிகளிலிருந்தே புறப்படும். ஓசை பெருகிற்று, இடம் தொலைந்தது. தொலைந்ததைத் தொலைந்ததென்றே உணராத அளவிற்குச் செவிகள் பழகிவிட்டன.

இந்நிலையில், ஒலியை அது பிறக்கும் இடத்தோடும் செல்லும் திசையோடும் சேர்த்து இயற்றும் மின்னணு இசைக்கலை பற்றிப் பேச்செழுந்தால், “அது மேனாட்டார் விளையாட்டு, தமிழ் மாணவர்க்கு எதற்கு?” என்று கைகழுவிவிடும் ஆசிரியரும் உளர். கழுவுமுன் அக்கலை யாதென அறிதல் நன்று. 1956-இல் ஜெர்மானிய இசையறிஞர் ஸ்டாக்ஹவுசன், ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் இழைத்து, ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகள் வழியே கொலோன் நகரில் ஒலிக்கச் செய்தார். 1958-இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் வரேஸ் என்பாரின் எட்டு நிமிட இசை, 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் பதித்த சுவர்களில் ஊர்ந்து திரிந்தது. கேட்போர் இசைக்கு எதிரே இருக்கவில்லை. இசையின் உள்ளே நின்றனர்.

மேனாட்டோடு இது முடிந்ததா? இல்லை. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்கர், மூக் சின்தசைசர் கருவியுடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலான இந்தியர் அங்கே புத்தொலிகளை இயற்றினர். அவ்வொலிநாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் உறங்கின. 2023-இல்தான் அவற்றின் தொகுப்பு வெளிவந்தது. தம்மவர் செய்ததையே அறியாதார் ‘நமக்கு உரியதன்று’ எனத் தீர்ப்புக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இனி, சிலம்பைத் திறக்கட்டும். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் பாட்டையும் கூத்தையும் மட்டுமா சொன்னார்? அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்தார். மாதவியை வலத்தூணருகே நிறுத்தினார். பாடும் தோரிய மகளிரை இடத்தூணருகே நிறுத்தினார். குரல் எங்கிருந்து எழவேண்டும் என்பது இலக்கணமாகவே இருந்த காலம் அது. வகுப்பறையிலோ, ‘கோல் எத்தனை?’ என்னும் வினாவோடு அக்காதை முடிந்துபோகிறது.

தைப்பூசத்தில் வெள்ளி இரதம் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும்போது, மேளம் தொலைவில் தோன்றி, அண்மித்து, கடந்து, தேய்கிறது. 272 படிகளேறிக் குகைக்குள் நுழைந்தால், அதே தவிலொலி சுண்ணாம்புப் பாறையில் மோதி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே அறியவொண்ணாமல் சூழ்ந்துகொள்கிறது. மேனாட்டார் பெருஞ்செலவில் கட்டிய அனுபவம் இங்கே ஆண்டுதோறும் வாய்க்கிறது. அதைக் கேட்டுணரப் பயிற்றுவாரைத்தான் காணோம்.

“எந்திரத்திற்கு உயிரில்லை” என்பது அடுத்த வாதம். இதைச் சொல்லும் இசையாசிரியர் மின்சாரச் சுருதிப்பெட்டியை இயக்கிவிட்டே பாடம் தொடங்குகிறார்! கோயில்களில் மோட்டார் பூட்டிய முரசும் மணியும் பூசைவேளையில் தாமே அடித்துக்கொள்கின்றன; அதற்கு மறுப்பெழவில்லை. வயலினும் வேற்று நாட்டிலிருந்து வந்ததே. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையிலெடுத்தனர். கருநாடக இசை கெட்டொழியவில்லை. எந்திரம் ஆளாதவரை ஆட்டிவைக்கும், ஆள்பவர்க்கு அடங்கும்.

பிரிக்பீல்ட்சில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அவ்வட்டாரத்துத் தெருக்களில் வெண்கோலூன்றி நடப்போர், பேருந்து எப்பக்கம் வருகிறது, எவ்வளவு தொலைவில் வருகிறது என்பதைச் செவியாலேயே அளக்கின்றனர். ஓர் ஒலி ஒரு காதை எட்டியபின் மறுகாதை எட்ட எடுக்கும் காலம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசை காண்கிறது. எல்லார்க்கும் இயற்கை அளித்த இவ்வாற்றலை, உரத்த ஒலியில் ஊறவைத்து மழுங்கச் செய்வதுதான் இசைத்தமிழ் வளர்ப்பா?

செலவைக் காட்டித் தப்புவதற்கும் இடமில்லை. ஒலியைப் பதிவு செய்யும் கருவி இன்று பெற்றோர் பலரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சிலம்பு நடத்தும் நாளில் மாணவரைக் கண்மூடி நடுவில் அமர்த்தி, சலங்கையொலிக்கு வலப்புறம் ஒரு கைப்பேசி, தோரிய மகளிர் குரலுக்கு இடப்புறம் ஒரு கைப்பேசி வைத்தால் போதும்.