கூரை வேலைக்கு ஆள் பிடிக்கும் முன்பு...

விதை நெல்லுக்குச் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் விவசாயி, கூரை வேலைக்கு மட்டும் முதலில் வந்து நிற்பவரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். விதையில் தவறினால் நட்டம் ஒரு போகத்தோடு போகும். கூரையில் தவறினால் பல ஆண்டுகள் ஒழுகும். பலத்த காற்றில் உயிருக்கும் ஆபத்து உண்டு.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கவலை சற்று அதிகம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைத் தொடரிலிருந்து இறங்கும் மேல்காற்றின் வலுவை கூடலூர் முதல் சின்னமனூர் வரை அறியாதவர் இல்லை. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பகுதியில் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சான்று. அந்தக் காற்று ஓய்ந்த பின் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ஆக, இங்குள்ள கூரை ஒரே ஆண்டில் காற்றையும் மழையையும் வெவ்வேறு திசைகளிலிருந்து தாங்க வேண்டியுள்ளது.

ஏற்ற காலம்

தகடு பறந்த மறுநாள் ஆள் தேடுவதுதான் பெரும்பாலான நட்டங்களுக்கு மூலகாரணம். அந்த நேரத்தில் நல்ல மேஸ்திரிகள் யாருக்கும் ஓய்வு இராது. கூலியும் ஏறிவிடும். பெரியாறு தண்ணீரில் பயிராகும் 14,707 ஏக்கர் இருபோக நிலங்களில் இரண்டாம் போக அறுவடை முடிந்தவுடன் கையில் கொஞ்சம் பணம் இருக்கும், வானமும் வெளுத்திருக்கும். பங்குனி, சித்திரையே கூரை வேலைக்கு உகந்த காலம். தை மாதத்திலேயே மூன்று பேரிடமாவது விலை கேட்டு வைப்பது நல்லது.

ஆளைத் தேர்வு செய்யும்போது அவர் சொல்லும் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அவர் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் போட்ட கூரைகளைப் போய்ப் பார்க்க வேண்டும். சென்ற மாதம் போட்ட கூரை எல்லாருக்கும் அழகாகத்தான் தெரியும். இரண்டு மேல்காற்றைத் தாங்கி நின்ற கூரையே மேஸ்திரியின் நற்சான்று. அந்த வீட்டுக்காரரிடம், "ஒழுகியபோது கூப்பிட்டீர்களே, வந்தாரா?" என்று கேட்டால் பாதி உண்மை வெளிவந்துவிடும்.

அளவும் எடையும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, எந்தச் சதுர அடி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 20 அடிக்கு 30 அடி வீட்டின் தரைப் பரப்பு 600 சதுர அடி. ஓட்டுக் கூரைக்குரிய 30 டிகிரி சரிவும், நான்கு புறமும் 2 அடி இறவாரமும் சேர்ந்தால் கூரைப் பரப்பு ஏறத்தாழ 940 சதுர அடி ஆகிறது. தரைக் கணக்கில் பேசிக் கூரைக் கணக்கில் பணம் கேட்டால் தகராறு வராமல் என்ன செய்யும்?

இரும்புத் தகட்டில் ஏமாற்று நடப்பது கனத்தில்தான். 0.50 மில்லிமீட்டர் என்று சொல்லி 0.40 போட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தராசுக்குத் தெரியும். 4 அடி அகலச் சுருளிலிருந்து செய்த 10 அடித் தகடு 0.50 கனமானால் ஏறத்தாழ 14 கிலோவும், 0.40 ஆனால் ஏறத்தாழ 11 கிலோவும் இருக்கும். வாழைத்தாரை எடை போடும் தராசிலேயே இரண்டு தகடுகளை நிறுத்திப் பார்க்கலாம். முடிந்தவரை பொருளை விவசாயியே தன் பெயரில் ரசீதுடன் வாங்கி, மேஸ்திரிக்குக் கூலி மட்டும் பேசுவது நலம்.

வேலையில் கவனிக்க வேண்டியவை

காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே தூக்குவதே அதிகம். அந்த இழுவை மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டிலும் மிகுதி. ஆகவே அங்கெல்லாம் திருகாணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். பக்கம் திறந்த மாட்டுக் கொட்டகையில் காற்று அடியிலிருந்தும் தூக்கும். அங்கே தகட்டோடு சட்டத்தையும் தூணையும் சேர்த்துப் பிணைப்பது அவசியம். தகடு போடுவதை மேல்காற்றுக்கு எதிர்க்கோடியான கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினால், ஒட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். ஓட்டுக் கூரையில் இறவார வரிசை ஓடுகளையாவது ரீப்பரோடு கம்பியால் கட்டச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் ஓட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

தளம் ஒழுகும் வீட்டில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால், மேலே பூசும் வண்ணக் கலவை எதுவும் மருந்தாகாது. காரையைத் தட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, அதன் பின்பே பூச வேண்டும். "மேலே அடித்தால் போதும்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

பழைய கல்நார்த் தகட்டைப் பிரிக்கும்போது அறுப்பதும் உடைப்பதும் கூடாது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தொழுவத் தரையில் பரப்பும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அந்தத் தகட்டின்மேல் நேரடியாகக் கால் வைத்து விழுந்து மாண்டவர்கள் உண்டு. பலகை போட்டு நடப்பதும் இடுப்பில் வார் கட்டுவதும் கட்டாயம். வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்று கேட்பதும் வீட்டுக்காரரின் கடமை.

எழுதிக்கொள்வது அவமதிப்பு ஆகாது

"தெரிந்த பையன், மாமன் முறை வேண்டும், எழுதி வாங்கினால் மனம் கோணும்" என்பது கிராமங்களில் கேட்கும் பேச்சு. உண்மையில் உறவு முறிவது எழுதியதால் அல்ல, எழுதாததால்தான். பொருளின் கனம், அளவு, கூலி, முடிக்கும் நாள், ஒழுகினால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாகச் சரிசெய்வது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பணத்தையும் வேலை நடக்க நடக்கவே கொடுக்க வேண்டும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் அரசே தொகையைத் தவணையாகத்தான் தருகிறது. அரசுக்குள்ள முன்யோசனை விவசாயிக்கு ஏன் கூடாது? முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை பெய்து முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும், இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வேலைக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஆனால் ரசீதும் எழுத்தும் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

குற்றம் முழுவதும் மேஸ்திரிகள் மீதல்ல. அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசினால் பத்துத் திருகாணி போட வேண்டிய இடத்தில் ஆறுதான் விழும். நியாயமான கூலி கொடுத்து, நியாயமான வேலை வாங்க வேண்டும். ஒரே தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல மேஸ்திரியை அமர்த்தினால் பொருளும் மலிவாகக் கிடைக்கும். அவருக்கும் ஒரு மாத வேலை உறுதி. ஆனிக் காற்று யாருக்காகவும் காத்திராது. சித்திரை முடிவதற்குள் கூரையை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பது விவேகம்.