பாங்காக் போகுமுன் மட்டாஞ்சேரி போகலாமே!

மட்டாஞ்சேரி பஜாரில் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் தமிழர் ஒருவர், திருப்பூணித்துறையில் குடியிருப்பவர், அண்மையில் குடும்பத்தோடு பாங்காக் போய்வந்தார். ஐந்து நாள் உல்லாசப் பயணம். மூன்று ஆண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதில் கரைந்தது. திரும்பி வந்த மறுநாள், அண்டை வீட்டாரை உட்கார வைத்துச் செல்போனில் படங்களைக் காட்டினார். புலிக்குப் பக்கத்தில் பையன், கடைவீதியில் மனைவி, படகில் எல்லோரும். பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்:

"அங்கே நம்ம மாரியம்மன் கோயில் ஒண்ணு இருக்காமே தம்பி, கும்பிட்டியா?"

"அங்கெல்லாம் கூட்டிட்டுப் போகலையே அண்ணாச்சி."

"அரண்மனைக் கோயில் சுவர் முழுக்க ராமாயணம் எழுதியிருக்காமே?"

"அரண்மனைக்குப் போனோம். வெயில் தாங்கலை. வாசல்லே நின்னு படம் எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டோம்."

"சரி, இங்கே மட்டாஞ்சேரி அரண்மனையிலே இருக்கிற ராமாயணத்தையாவது பார்த்திருக்கியா?"

இதற்குப் பதில் வரவில்லை. அவர் கணக்கு எழுதும் மண்டியிலிருந்து அந்த அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் மதில் ஓரமாக அவர் போய் வந்துகொண்டிருக்கிறார்.

இது ஒருவர் கதை அல்ல. நெடும்பாச்சேரி விமான நிலையம் 1999-ல் திறந்தபின், சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பாங்காக்கும் கொச்சிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம். எர்ணாகுளம் தெருக்களில் பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. போவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழைத்துச் சேர்த்த காசில் நாலு இடம் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? ஆனால் அந்தக் காசுக்கு எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஏற்பாட்டாளரின் வேன் எங்கே நிற்கிறதோ அதுவே பாங்காக். அது பெரும்பாலும் மிருகக் காட்சிசாலையிலும், கடற்கரையிலும், கமிஷன் கிடைக்கும் ரத்தினக் கடையிலும்தான் நிற்கிறது.

வேன்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடியிருக்கும் ஊரைக் கண் திறந்து பார்க்காதவர், கடல் கடந்து போனால் மட்டும் எப்படிப் பார்ப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை

திருப்பூணித்துறையிலிருந்தே தொடங்கலாம். ஊர் நடுவே பூர்ணத்ரயீசர் கோயில். அனந்தன் படம் விரிக்க, பள்ளிகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் திருமால். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பார்த்துப் பழகிய தமிழருக்கு இந்தக் கோலம் புதிது. கார்த்திகை மாதத்தில் விருச்சிகோற்சவம் நடக்கும் எட்டு நாளும் ஊர் உறங்காது. ஆவணியில் அத்தம் நட்சத்திரத்தன்று புறப்படும் அத்தச்சமயம் முன்பு கொச்சி மன்னரின் பவனியாக இருந்தது. 1949-ல் நின்றுபோனதை 1961-ல் ஊர் மக்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள்.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஹில் பேலஸ். 1865-ல் கட்டப்பட்டுக் கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமாக இருந்து, 1980-களில் அருங்காட்சியகம் ஆனது. நாற்பத்தொன்பது கட்டிடங்கள், ஐம்பது ஏக்கருக்கும் மேலான வளாகம். போர்த்துகீசியர் கொச்சி மன்னருக்குக் கொடுத்த மணிமுடி இங்கே இருக்கிறது. மன்னர்கள் அதைத் தலையில் சூடாமல் மடியில்தான் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வது வழக்கு. 'மணிச்சித்ரதாழ்' படத்தின் பல காட்சிகள் 1993-ல் இங்கே எடுக்கப்பட்டன. சினிமா பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள் நாகவல்லியின் அறை எது என்று காவலாளியைக் கேட்கிறார்கள். கதைப்படி அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி!

2024 மார்ச் முதல் மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை ரயில் நிலையத்தின் பக்கம்வரை வருகிறது. அதில் ஏறி மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தில் இறங்கி, படகுத்துறைக்கு நடந்தால் ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு உண்டு. 2023-ல் வந்த வாட்டர் மெட்ரோவில் போக விரும்புகிறவர்கள் ஹைகோர்ட் துறைக்குப் போகலாம். பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றுப் படகில் ஏறியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், துறைமுகக் கப்பல்களுக்கு இடையே போகும் இந்தப் படகில் ஏறி எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கலாம்.

கிழமையைக் கவனிக்க வேண்டும். திங்களன்று ஹில் பேலஸ் விடுமுறை. வெள்ளியன்று மட்டாஞ்சேரி அரண்மனை கிடையாது. யூதர் ஆலயம் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் அடைத்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறே உகந்தது.

மட்டாஞ்சேரி அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்று சொல்லிச் சொல்லி, டச்சுக்காரர்கள்தான் கட்டினார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1555 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர். 1663-ல் டச்சுக்காரர் செய்தது பழுது பார்த்ததுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஓட்டு வீடு, அவ்வளவே. மாடி ஏறிப் பள்ளியறைக்குள் நுழைந்தால்தான் விஷயம் தெரியும். தசரதனின் புத்திரகாமேஷ்டி தொடங்கி அயோத்திக்குத் திரும்புவது வரை ராமாயணம் சுவர்களில் நிறைந்திருக்கிறது. காவியும் மஞ்சளும் பச்சையுமாக, இடைவெளி ஒரு விரற்கடைகூட இல்லாமல் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் விளங்காது. பத்து நிமிடம் பொறுமையாக நின்றால் முகங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். நுழைவுக் கட்டணமோ சொற்பம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பரதேசி சினகாக். 1568-ல் கட்டப்பட்டது. தமிழில் 'பரதேசி' இன்று வசைச்சொல்லாகிவிட்டது. அயல்தேசத்திலிருந்து வந்தவர் என்ற அதன் பழைய பொருள் இந்தப் பெயர்ப்பலகையில் மானத்தோடு உயிர் வாழ்கிறது. தரையில் பதித்த நீலப்பூச் சீன ஓடுகள் கையால் எழுதப்பட்டவை. மணிக்கூண்டு 1760-ல் வந்தது. அதன் முகங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரு லிபி. இந்தத் தெருவில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரு முழுக்க இன்று பழம்பொருள் கடைகள்.

சீனவலைகளையும், 1524-ல் வாஸ்கோட காமாவைப் புதைத்த பிரான்சிஸ் தேவாலயத்தையும் எல்லோரும் எப்படியும் பார்த்துவிடுகிறார்கள். (அவர் எலும்புகள் 1539-லேயே போர்த்துகலுக்குப் போய்விட்டன என்பதைச் சொல்ல வழிகாட்டிகள் சிலர் மறந்துவிடுவதும் உண்டு.) யாரும் காட்டாத இடம் ஒன்று இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் உள்ள துணி வெளுக்கும் கூடம். 'டோபி கானா' என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

துணி வெளுக்கும் தமிழர்கள்

அங்கே வெளுக்கிறவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. வரிசையாகக் கல் தொட்டிகள், பின்னால் திறந்த மைதானத்தில் கயிற்றுக் கொடிகள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப் எதுவும் கிடையாது, காற்றடித்தாலும் துணி பறக்காது. வீட்டுக்குள் இன்னும் தமிழ் பேசுகிறார்கள். இடையிடையே மலையாளம் கலக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் இந்தக் கூடத்தைத் தேடி வந்து படம் எடுத்துப் போகிறார்கள். கொச்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? பெற்றோரில் சிலருக்கு அங்கே அழைத்துப்போகவே கூச்சம். வெளுக்கும் தொழிலைக் காட்டினால் கௌரவம் குறைந்துவிடும் என்ற பழைய நோய்தான் காரணம், வேறென்ன? எத்தனையோ தலைமுறைகளாக இந்த மண்ணில் கையை ஊன்றி நிற்கும் தமிழர்களைக் காட்டாமல், 'தமிழர் கொச்சிக்குப் பிழைக்க வந்தவர்கள்' என்ற பேச்சுக்குப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஆண்டு விழாவுக்கு நடிகரை அழைக்கும் செலவில் ஒரு பங்கைப் போட்டு, நூறு பிள்ளைகளை ஒரு ஞாயிறு மட்டாஞ்சேரிக்கு அழைத்துப்போகலாம். வெளுக்கும் கூடத்துக்குப் போகிறவர்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல், முதலில் ஊர் பேர் கேட்டுப் பேசினால் நல்லது.

பாங்காக்கில் பார்க்கவேண்டியது

இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாங்காக் போனால் அந்த ஊரே வேறாகத் தெரியும். 1782-ல் முதலாம் ராமா மன்னர் தொடங்கிய அரண்மனை வளாகத்தில், மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய பிராகாரத்தில், 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் அதை 'ராமகியன்' என்கிறார்கள். அங்கே அனுமன் பிரம்மசாரி அல்ல, காதல் மன்னன்! மட்டாஞ்சேரியைப் பார்த்தவருக்கு இரண்டையும் ஒப்பிட்டு ரசிக்கத் தோன்றும். பாராதவருக்கு வெயில்தான் தெரியும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மறைய உடுத்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

நகரத்தின் பழைய பகுதியில் சிவப்பு வண்ணத்தில் மாபெரும் ஊஞ்சல் கம்பம் ஒன்று நிற்கிறது. மார்கழித் திருவிழாவில் அதில் ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935-ல் நிறுத்தப்பட்டது. அந்த விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. மாணிக்கவாசகரின் திருவெம்பாவைதான் அப்படித் திரிந்திருக்கிறது. அரசவைப் பிராமணர்கள் இன்றும் அந்தப் பதிகத்தைப் பொருள் மறந்து, ஓசை மட்டும் நினைவிருந்து ஓதுகிறார்கள். ஊஞ்சலுக்கு அருகிலேயே அவர்கள் கோயிலும் இருக்கிறது. சீலோம் சாலைப் பக்கத்து மாரியம்மன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நவராத்திரியில் தாய்லாந்து மக்கள் மஞ்சள் செவ்வந்தி மாலையோடு அந்த வீதியை நிறைத்துவிடுகிறார்கள். முதியவர் கேட்டது இந்தக் கோயிலைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழர் போகவேண்டிய இடம், பாங்காக்குக்கு மேற்கே உள்ள காஞ்சனபுரி. குவாய் ஆற்றுப் பாலம் என்றால் சினிமா பார்த்தவர்களுக்குத் தெரியும். 1942-43-ல் ஜப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூலி ஆசை காட்டியும், பிடித்து ஏற்றியும் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் அடியும் சேர்ந்து கொன்றன. நேச நாட்டுக் கைதிகளில் இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90 ஆயிரம் அளவில் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் தமிழர் எத்தனை பேர் என்ற சரியான கணக்கை எவரும் வைக்கவில்லை. காஞ்சனபுரி ஊர் நடுவே வெள்ளைக்காரப் போர்வீரர்களுக்குச் சுமார் ஏழாயிரம் கல்லறைகள், பெயர் பொறித்து, புல்தரை வெட்டி, அழகாகப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்க் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. அவர்கள் நினைவாக அந்த ஊரில் ஒரு நடுகல் எழுந்தது 2023-ல்தான்.

உல்லாசப் பயண வேன்கள் பாலத்தருகே நிற்கின்றன. படம் எடுக்க அரைமணி நேரம் தருகின்றன. நடுகல்லைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒரு வண்டி, பகலில் ஒரு வண்டி, அதே பாலத்தின் மேலாகவே நாம்டோக் வரை போகின்றன. காலை வண்டியைப் பிடித்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் காஞ்சனபுரியில் இறங்கி, கல்லறைத் தோட்டம், நடுகல், பாலம் மூன்றையும் பார்த்துவிடலாம்.

மண்டிக் கணக்கர் அடுத்த சீட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இம்முறை முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் நாலு பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் முதியவர்: அரண்மனைப் பிராகாரம், ஊஞ்சல் கம்பம், சீலோம் மாரியம்மன், காஞ்சனபுரி நடுகல். முடியாது என்றால், ரத்தினக் கடைக்குப் போகும் அரை நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டுமாம். அதற்கு முன்னதாக, வருகிற ஞாயிறு மட்டாஞ்சேரிக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.