லேசான படகுக்கு எத்தனை குதிரை?

பழைய படகு எஞ்சின் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது, "பெரிசா எடுங்க, வேணும்னா மெதுவா ஓட்டிக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வானொலியில் பேசிப் பிழைப்பவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். வார இறுதியில் நானும் தூண்டிலோடு திரிபவன்.

தெலுக் இந்தானில் என் சித்தப்பாவிடம் 12 அடி ஃபைபர் படகு இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. பேராக் ஆற்றில் உடாங் காலா பிடிப்பதற்காக வாங்கியது. இனி பேரப்பிள்ளைகளும் அதில் ஏறப் போகிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை. அவர் பார்த்து வைத்திருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இரண்டு: ஒன்று 25 குதிரைத்திறன், மற்றது 8. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அப்புறம் எதுக்குடா சின்னது?" என்கிறார்.

எடைதான் காரணம். 25 குதிரை எஞ்சின் ஏறத்தாழ 50 கிலோ, 8 குதிரை 27 கிலோ அளவில். இந்த எடை படகின் நடுவில் உட்காராது, பின்பலகையில் தொங்கும். கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சித்தப்பாவும் அங்கேதான் உட்கார வேண்டும் (அவர் எடையை எழுதினால் சித்தி சிரிப்பார்). காலடியில் 24 லிட்டர் டேங்க் வேறு. பெட்ரோல் மட்டுமே 18 கிலோ. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எதிரே மிதந்து வரும் கட்டை தெரியாது. வேகமாகப் போய்ச் சட்டென்று குறைத்தால், படகு கிளப்பிய அலையே துரத்தி வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். அப்போது உள்ளே பிள்ளைகள் இருப்பார்கள்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை 12 அடிப் படகின் வேகம் மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான். அதற்கு 8 குதிரை தாராளம். ஆள் ஏற ஏற மெதுவாகத்தான் போகும். பேரப்பிள்ளைகளோடு போகும்போது அது குறையா என்ன? டேங்கை மட்டும் முன்னால் நகர்த்தி வைத்தால் போதும்.

பார்க்கப் போகும்போது அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். பின்பலகை 15 அங்குலம் என்றால் குட்டைக் கால் எஞ்சின், 20 என்றால் நீளக் கால். குட்டைப் பலகையில் நீளக் காலை மாட்டினால் சேற்றைக் கலக்கும். மாற்றி மாட்டினால் காற்றை இழுத்துக் கத்தும், படகு நகராது. புரோப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் பலவீனமாக இருந்தால் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றலாம், பேரம் பேசவும் உதவும். எண்ணெய்க் கலவை 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. சில பழைய எஞ்சின்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், கையேட்டைப் பாருங்கள்.

ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆள் தண்ணீரில் விழுந்தால் அதுதான் எஞ்சினை நிறுத்தும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும், சுழலும் புரோப்பெல்லரோடு. பழைய எஞ்சின்கள் சிலவற்றில் அந்த வசதியே கிடையாது. அப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.