தொப்பையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

தாத்தாவுக்கு இல்லாத தொப்பை பேரனுக்கு வந்திருக்கிறது. இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. ஆகவே மரபணு என்பது வாயைக் கட்டத் தெரியாதவர்களின் சாக்கு. இதுதான் உடல் பருமனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதிய கட்டுரையாளரின் வாதம். இதற்கு அவர் காட்டும் உதாரணம் சென்னையை அடுத்த வள்ளூர் அனல்மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களும்.

இரண்டு தலைமுறையில் டி.என்.ஏ. எழுத்துகள் பெரிதாக மாறாது என்பது உண்மை. அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் உண்மையல்ல. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. எந்த மரபணு, எந்தத் திசுவில், எந்த நேரத்தில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை உடல் ஓயாமல் கூட்டியும் குறைத்தும் வருகிறது. மரபணு வெளிப்பாடு என்ற இந்தப் பாடத்தைத் தொடாமலே அவர் மரபணுவைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டார்.

உதாரணமாக, எஃப்.டி.ஓ. என்ற மரபணுவுக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு 2007-இல் தெரியவந்தது. எப்படி என்பது 2015-இல்தான் தெளிந்தது. அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தால், தொலைவில் இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 என்ற இரு மரபணுக்களின் கட்டு தளர்கிறது. அவை கூடுதலாக வேலை செய்ய, கொழுப்பை எரித்து வெப்பமாக்க வேண்டிய உயிரணு அதைச் சேமிக்கத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் அந்த ஓர் எழுத்தைத் திருத்தியதும் எரிக்கும் குணம் திரும்பியது. இதில் மன உறுதி எங்கே வந்தது?

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. அதைக் காட்டியதும் நம் சென்னைதான். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இதே எஃப்.டி.ஓ. மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களில் மாவுச்சத்து அதிகம் உண்டவர்களிடமும் உடலுழைப்பு இல்லாதவர்களிடமும்தான் பருமன் அபாயம் கூடியது. தாத்தாவின் மரபணு பேரனிடம் வேறு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. மணிக்கணக்காக ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, துறைமுக வரிசையில் காத்துக் கிடந்து, வழியில் கிடைக்கும் பரோட்டாவைத் தின்பது அந்த ஓட்டுநர் விரும்பித் தேர்ந்த வாழ்க்கையா?

ராத்திரி வேலையின் கதை இன்னும் கொடியது. உடலின் கடிகாரத்தை நடத்துவதும் மரபணுக்களே. அவற்றில் ஒன்று பழுதான எலிகள் மிகையாகத் தின்று பருத்ததை 2005-இலேயே கண்டார்கள். மனிதர்களின் உறக்க நேரத்தையும் உணவு நேரத்தையும் தலைகீழாக்கிய 2009 ஆய்வில், பசியை அடக்கும் லெப்டின் குறைந்தது. ரத்தச் சர்க்கரை ஏறியது. வள்ளூரின் மூன்று 500 மெகாவாட் அலகுகளுக்காக விழித்திருப்பவனைச் சோம்பேறி என்று எழுத எப்படிக் கை வந்தது?

எடையைக் குறைத்தபின் மறுபடி பருத்தவர்களைக் கோழைகள் என்கிறது அவரது கடைசிப் பத்தி. எடை இறங்கிய பிறகும் கொழுப்புத் திசுவில் மரபணு வெளிப்பாட்டின் பழைய மாற்றங்கள் பல நீடிக்கின்றன என்று 2024-இல் சூரிச் ஆய்வாளர்கள் மனிதர்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். அந்த எலிகள் கொழுப்புணவு கிடைத்ததும் மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தன. இதை மறுக்கக் கட்டுரையாளரிடம் ஆதாரம் இருந்தால் வெளியிடட்டும். இல்லையென்றால் அந்தப் பத்தியைத் திரும்பப் பெற்று, வள்ளூர்த் தொழிலாளர்களிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.