அடிக்கல்லுக்கு முன் ஒரு கட்டளை

மும்பைத் தீவு நகரத்தின் கிழக்குக் கரை, தெற்கே சசூன் டாக் முதல் வடக்கே வடாலா வரை சுமார் 28 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி, 1873இல் தொடங்கப்பட்டு அண்மைக்காலம் வரை போர்ட் டிரஸ்ட் என்றே வழங்கப்பட்ட மும்பைத் துறைமுக ஆணையத்தின் மதில்களுக்குள் அடங்கியிருப்பதால், கடலால் வளர்ந்த இந்த நகரத்தில் கடலைக் காண விரும்பும் மக்கள் பெரும்பாலும் மேற்குக் கரைக்கே போகவேண்டியிருக்கிறது. இந்த மதில்களைத் திறந்து கரையை மக்களுக்கு அளிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றிய யோசனையும் சேர்ந்தே எழுகிறது. அது கட்டாயம் வரவேண்டும். ஆனால் கட்டடத்துக்கான தொகையை ஒதுக்கும் முன்பே, அதைக் காலகாலமாக நடத்துவதற்கான தொகை தனியாக, வேறெந்தச் செலவுக்கும் எடுக்க முடியாதவாறு சட்டப்படி கட்டிவைக்கப்பட வேண்டும். அது நடக்கும்வரை அடிக்கல் நாட்டப்படக் கூடாது.

இந்தக் கரையின் நிலம் இப்போது பேசுபொருளாவதற்குக் காரணம் கன்டெய்னர். சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, ஒரே அளவிலான இரும்புப் பெட்டிகளில் அடைத்து, கிரேன் வழியாகக் கப்பலிலிருந்து லாரிக்கும் ரயிலுக்கும் மாற்றும் இந்த முறைக்கு விரிந்த திறந்த முற்றங்கள் தேவைப்பட்டன. அவை வளைகுடாவின் எதிர்க்கரையில், நவசேவாவில் 1989இல் செயல்படத் தொடங்கிய புதிய துறைமுகத்துக்கு வாய்த்தன. கடல்நீரைச் சுவர்களுக்குள் தேக்கி, ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் கப்பல் நிலையாக நிற்க வழிசெய்யும் அமைப்புக்கு டாக் என்று பெயர். 1880இல் திறக்கப்பட்ட பிரின்ஸ் டாக்கும் அதையடுத்து எழுந்த விக்டோரியா டாக்கும் பின்னாளில் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. ஆணையத்தின் வசம் உள்ள சுமார் 1,800 ஏக்கர் நிலத்தின் வருங்காலம் குறித்து ராணி ஜாதவ் தலைமையிலான குழு 2014இல் அறிக்கை அளித்தது. பிறகு துறைமுக நிறுவனமே இப்பகுதியின் சிறப்புத் திட்டமிடல் ஆணையமாக, அதாவது மாநகராட்சிக்குப் பதிலாக நிலப் பயன்பாட்டை முடிவுசெய்யும் அமைப்பாக, ஆக்கப்பட்டு, 2018இல் வரைவுத் திட்டத்தை வெளியிட்டது.

அருங்காட்சியகத்துக்கு நிதி தேடும் எவரும் முதலில் படிக்கவேண்டிய பாடம் இதே கரையில்தான் கிடக்கிறது. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் 1961இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரின்போது வங்கக் கடலிலிருந்து சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தன் விமானங்களால் தாக்கி, 1997 ஜனவரியில் ஓய்வுபெற்றது. 2001இல் மும்பையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அக்கப்பலில் மாணவர்கள் வரிசையில் நின்று ஏறினார்கள். விமானங்கள் எழும்பிய தளத்தில் நடந்தார்கள். ஆனால் உப்புநீரில் நிற்கும் எஃகு ஓடு நாள்தோறும் அரிக்கப்படும் பொருள். உலர்துறையில் ஏற்றித் துருவைச் சுரண்டி, தகடு மாற்றிப் பூச்சுப் பூசும் வேலையை ஓயாமல் செய்தால்தான் அது நிலைக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லாமலே கதவு திறக்கப்பட்டது. 2012இல், பார்வையாளர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று கதவு மூடப்பட்டது. பராமரிக்க நிதியில்லை என்று மாநில அரசு கைவிரித்தது. 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கப்பலைக் காக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் பலன் தரவில்லை. அதே ஆண்டின் இறுதியில், ரே ரோடு நிலையத்துக்குக் கிழக்கே உள்ள தாருகானா கப்பல் உடைக்கும் கரையில் விக்ராந்த் துண்டு துண்டாக வெட்டப்பட்டது.

அடுத்து வந்த விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விராட்டின் கதையும் வேறல்ல. 2017இல் ஓய்வுபெற்ற அக்கப்பலைச் சிந்துதுர்க் கடற்கரைக்கு அப்பால் அருங்காட்சியகமாக்க 852 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மகாராஷ்டிர அமைச்சரவை 2018 நவம்பரில் ஏற்றது. 2020 செப்டம்பரில் அது குஜராத்தின் அலங் கரைக்கு உடைபடச் சென்றது. இரு முறையும் குறைந்தது அக்கறை என்று சொல்லிவிட முடியாது. கட்டுவதற்கு ஒருமுறை ஆகும் மூலதனச் செலவையும், விளக்கு, காவல், பழுதுபார்ப்பு, ஊழியர் சம்பளம் என்று ஆண்டுதோறும் ஆகும் நடப்புச் செலவையும் தனித்தனியே எண்ணிப் பார்க்காததே குறை. முன்னதற்கு அறிவிப்பும் விழாவும் உண்டு. பின்னது ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் போராடிப் பெறவேண்டிய தொகையாகவே விடப்படுகிறது.

விசாகப்பட்டினம் வேறு வழியில் சென்றது. 2001இல் ஓய்வுபெற்ற குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலை அந்நகரம் கடலிலேயே மிதக்கவிடாமல் கரைக்கு இழுத்து, ராமகிருஷ்ணா கடற்கரையில் மேடை கட்டி நிறுத்தி, 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பொறுப்பு நகர வளர்ச்சி ஆணையத்துடையது என்று தொடக்கத்திலேயே தீர்மானமாயிற்று; உப்புநீர் அரிக்கும் செலவு முன்கூட்டியே தவிர்க்கப்பட்டது. மும்பைக்குள்ளேயே, பைகுல்லாவில் 1872இல் திறக்கப்பட்டு நலிந்துகிடந்த பாவு தாஜி லாட் அருங்காட்சியகம், மாநகராட்சியும் ஜம்னாலால் பஜாஜ் அறநிறுவனமும் இன்டாக் அமைப்பும் 2003இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சீரமைக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்றது. யாருடைய பணம், யாருடைய நிர்வாகம், எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் இருந்ததால் கிடைத்த பலன் அது.

இதற்கான முறையைத் தமிழர்கள் வெளியிலிருந்து கற்கவேண்டியதில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலில் நந்தா விளக்கு எரிய விரும்பியவர் விளக்கை மட்டும் தந்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைத் தந்தார். அவற்றை ஏற்ற இடையர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய்யை அளக்கக் கடன்பட்டார்கள். மந்தை குட்டிகளால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதால் தந்தவரின் காலத்துக்குப் பிறகும் விளக்கு எரிந்தது. முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் குறித்த காரியத்துக்குச் செலவிடும் இத்தகைய ஏற்பாடே கட்டளை. கிழக்குக் கரை அருங்காட்சியகத்துக்கும் தேவை அப்படியொரு கட்டளை நிதிதான்.

அதற்கான முதல் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை அந்த நிலத்திலேயே இருக்கிறது. ஆணையம் தன் நிலத்தை விற்பதில்லை, குத்தகைக்கே விடுகிறது. துறைமுகப் பணிக்கு இனித் தேவைப்படாத மனைகள் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் குத்தகையாகும்போது, முன்பணத்திலும் ஆண்டு வாடகையிலும் ஒரு நிலையான பங்கு இந்த நிதியில் சேரவேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். பூங்காவும் நடைபாதையும் அருங்காட்சியகமும் வந்தால் அக்கம்பக்கத்து மனைகளின் மதிப்பு உயரும். பொதுப்பணத்தால் உயர்ந்த அந்த மதிப்பில் ஒரு பகுதி பொதுக் காரியத்துக்குத் திரும்புவது நியாயமே. மத்திய அரசிடமும் கேட்கலாம். குஜராத்தின் லோத்தலில் சுமார் 4,500 கோடி ரூபாயில் தேசியக் கடல்சார் மரபு வளாகம் எழுப்பும் அமைச்சகம்தான் மும்பைத் துறைமுகத்துக்கும் பொறுப்பு. நாலாயிரம் ஆண்டுப் பழைய துறைக்குச் செலவிடுவது சரியென்றால், தன்னைக் கட்டிக் காத்தவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கும் துறைக்குச் செலவிடுவதும் சரி. அதற்கு அத்தனை பெரிய தொகையும் தேவையில்லை. கீழடி அருங்காட்சியகத்தைத் தமிழக அரசு சுமார் 18 கோடி ரூபாயில் கட்டி 2023இல் திறந்தது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும், இரண்டும் கனமானவை. முதலாவது, பல்லாயிரம் ஓய்வூதியர்களின் பொறுப்பைச் சுமக்கும் துறைமுகம் வாடகைப் பணத்தை அருங்காட்சியகத்துக்குத் திருப்பலாமா என்பது. ஓய்வூதியம் முதல் கடன், அதில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. ஆகவே இந்தப் பங்கு புதிய குத்தகைகளின் மீது மட்டும் விதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ரே ரோடு, தாருகானா, வடாலாப் பகுதிகளில் துறைமுக நிலத்திலேயே குடிசைகளில் வாழும் குடும்பங்களுக்கு வீடு தராமல் காட்சிக்கூடம் எதற்கு என்பது. இக்கேள்வியைத் தள்ளிவிட்டு எழுப்பப்படும் எந்த அருங்காட்சியகமும் தான் காட்டவரும் வரலாற்றுக்கே துரோகம் செய்யும். தாராவியில் மறுசீரமைப்பின் பேரால் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என்று குடும்பங்கள் பிரிக்கப்படுவதையும், தகுதியற்றோர் தொலைவிடங்களுக்கு அனுப்பப்படுவதற்கான ஏற்பாடுகளையும் தமிழ்க் குடும்பங்கள் நேரில் காண்கின்றன. கரையில் அது மீண்டும் நேராதபடி, மறுகுடியமர்வு அதே பகுதிக்குள் என்று திட்டத்தில் எழுதப்பட்ட பிறகே அருங்காட்சியகத்துக்கான மனை குறிக்கப்பட வேண்டும்.

இத்தகைய பேச்சில் ஸ்பெயினின் பில்பாவோ நகரம் எடுத்துக்காட்டாக வராமல் இருப்பதில்லை. பிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் அங்கே திறக்கப்பட்டதும் நலிந்த தொழில் நகரம் எழுந்தது என்பது கதையின் ஒரு பாதி. பல ஆண்டுகளாக நடந்த ஆற்றுத் தூய்மைப் பணியும், 1995இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும், கட்டுமானச் செலவோடு நடப்புச் செலவுக்கான மானியத்தையும் பாஸ்க் அரசு தொடக்கத்திலேயே ஏற்றதும் மறுபாதி. பளபளக்கும் கட்டடத்தை மட்டும் படியெடுக்கும் நகரங்களுக்கு அந்தப் பலன் கிட்டாது.

மும்பைக்குப் புதிய கட்டடமே தேவையில்லை. காட்டன் கிரீனிலும் ரே ரோட்டிலும் பருத்திக்கும் தானியத்துக்கும் எழுப்பிய கிடங்குகளின் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரைகளும் காட்சிக்கூடத்துக்கு ஏற்றவை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் கைவிடப்பட்ட தானியக் கிடங்குக் கோபுரம் 2017இல் கலை அருங்காட்சியகமானது. சசூன் டாக்கிலேயே, அதே ஆண்டில், மீன் இறக்கும் பணிக்கிடையே பழைய கிடங்கில் ஓவியக் காட்சி நடந்து நகர மக்கள் திரண்டார்கள். அங்கே இடம் உண்டு, ஆர்வமும் உண்டு.

அந்தக் கிடங்குக்குள் எது வைக்கப்பட வேண்டும் என்பதே பெரிய கேள்வி. ஆளுநர்களின் உருவப்படங்களும் கப்பல்களின் சிறு மாதிரிகளும் மட்டும் வரிசையாக நின்றால் பயனில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று, ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் பருத்திப் பொதிகளையும் ஒருசேர ஏற்றி வந்திருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலின் அறையில் பிற்பகலில் புகை கிளம்பியது. மாலை நான்கு மணி கடந்ததும் அது வெடித்து விக்டோரியா டாக்கையும் சுற்றுப்புறத்தையும் சிதறடித்தது. கப்பலில் இருந்த 28 ராத்தல் தங்கக் கட்டிகளில் ஒன்று தொலைவில் ஒரு வீட்டின்மேல் போய் விழுந்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் நாடெங்கும் தீயணைப்பு வாரம் நடக்கிறது. மொத்தச் சாவு எண்ணூறு முதல் ஆயிரத்து முன்னூறு வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. அன்றாடக் கூலிக்கு வந்த சுமையாளர்கள் நிறைந்த இடத்தில் அந்த வேறுபாடே அவர்களுடைய நிலையைச் சொல்கிறது. அவர்களைப் பதிவுசெய்து ஒழுங்கான வேலை தரும் சட்டம் 1948இல்தான் வந்தது. மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி, வருகை குறிக்கும் வில்லை, தொழிற்சங்கத் தலைவர் பி. டிமெல்லோவின் பெயரைத் தாங்கிய சாலையில் நடந்த ஊர்வலங்களின் துண்டறிக்கை என இவையெல்லாம் காட்சிப் பேழைக்கு உரியவை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர்களின் மூன்று மும்பைகளும் இத்துறைமுகத்தோடு பிணைந்தவை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தாராவியில் தோல் பதனிட்டார்கள். அத்தொழில் ஏற்றுமதியை நம்பி வளர்ந்தது. பிளேக் நோய்க்குப் பின் நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை பிரித்த மாட்டுங்காவில் குடியேறியவர்கள், கோட்டைப் பகுதிக் கப்பல் நிறுவனங்களிலும் வணிக நிறுவனங்களிலும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் பார்த்தார்கள். செம்பூரை ஒட்டிய மாகுல் எண்ணெய் ஆலைகளுக்குக் கச்சா எண்ணெய், வளைகுடாத் தீவிலுள்ள துறைமுக முனையத்திலிருந்து கடலடிக் குழாய் வழியே வருகிறது. ஆனாலும் இந்த நகரத்தின் எந்த அருங்காட்சியகத்திலும் இம்மக்களின் உழைப்புக்கென ஓர் அறை இல்லை. 2016இல் தாராவிக்கென அமைக்கப்பட்ட நடமாடும் அருங்காட்சியகமும் குறுகிய காலமே நீடித்தது. குஜராத்திக் குயவர்கள், கொங்கண் சுமையாளர்கள், கோலி மீனவர்கள், உத்தரப் பிரதேசத்தவர் என எல்லோருக்கும் இதே குறை உண்டு.

போய்ச்சேரும் வழி ஏற்கனவே இருக்கிறது. செம்பூரில் ஏறும் பயணிக்கும், மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிளில் ஏறுபவருக்கும், தாராவிக்கு அருகே மாஹிமில் ஏறுபவருக்கும் ஹார்பர் ரயில் ஒன்றே. வடாலாவில் கூடும் அந்தப் பாதை சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று கிடங்குகளின் முதுகை உரசிக்கொண்டே போகிறது. நிலையத்தின் கிழக்குப் பக்கம் ஒரு வாசலும் நிழலுள்ள நடைபாதையும் போதும். நுழைவுக் கட்டணம் ஒரு நாள் கூலிக்காரருக்கு எட்டக்கூடியதாக இருக்கவும் அந்தக் கட்டளை நிதியே துணைசெய்யும்.

துணியாலை நிலங்களில் இந்நகரம் இழந்ததை மறக்கக் கூடாது. 1991 விதியின்படி மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்றிருந்தது, 2001இல் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. துணியாலை வரலாற்றுக்கென காலாசௌக்கியில் எண்ணிய அருங்காட்சியகமும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. ஆகவே துறைமுக நிலத்தில் எவ்வளவு பங்கு, எந்தக் கிடங்கு, எந்த நிதி என்பது விதிவிலக்குக்கு இடமில்லாத சொற்களில் இறுதித் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அறங்காவலர் குழுவில் ஆணையத்தோடு டாக் தொழிலாளர் சங்கங்களுக்கும் கோலி மீனவர்களுக்கும் கரைவாழ் குடும்பங்களுக்கும் வாக்குள்ள இடங்கள் வேண்டும்.

ஒரு பணி மட்டும் இவற்றுக்காகக் காத்திருக்க முடியாது. கன்டெய்னருக்கு முந்தைய துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் சீத்தா கேம்பிலும் அவர்களைத் தேடிச்சென்று, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய ஒரு சிறு குழுவும் ஒலிப்பதிவுக் கருவிகளும் போதும். அதற்கான தொகையை ஆணையம் இந்த நிதியாண்டிலேயே ஒதுக்க வேண்டும்.